ஆறு வரிசைக்கும் ஒரே பொருளா?

தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாதாம். வகுப்பறையில் இது இலக்கணக் குறிப்பு. பட்டிமன்ற மேடையில் கைதட்டல் வாங்கும் இடம். கைப்பேசியில் சுற்றும் 'தமிழின் சிறப்புகள்' பட்டியலில் தவறாமல் வரும் ஒரு வரி. போடிநாயக்கனூர்ப் பள்ளி ஆசிரியரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார், மேலே குரங்கணி டீக்கடையில் பேச்சுக் கொடுத்தாலும் இதையேதான் கேட்கலாம். தமிழைப் பற்றித் தமிழர்கள் ஒருமித்து நம்பும் கருத்துகள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று இது. அது தவறு.

முதலில் அவர்கள் தரப்பைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'கங்காணி முருகனைத் திட்டினார்' என்பது மூன்று சொல் வாக்கியம். மூன்று சொற்களை ஆறு விதமாக அடுக்கலாம். 'முருகனைக் கங்காணி திட்டினார்', 'திட்டினார் கங்காணி முருகனை' என்று எப்படி அடுக்கினாலும் திட்டியவர் கங்காணி, திட்டு வாங்கியவன் முருகன். ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினால் திட்டியவன் திட்டு வாங்கியவன் ஆகிவிடுவான். தமிழில் அப்படி ஆகாது, ஏனென்றால் 'ஐ' உருபு முருகனோடு ஒட்டிக்கொண்டு எங்கே போனாலும் அவன் யார் என்பதைக் காட்டிக்கொடுக்கும். 'ஆர்' விகுதி வினையில் நின்று கங்காணியைக் காட்டிக்கொடுக்கும். எனவே தமிழில் பொருள் உருபிலும் விகுதியிலும் இருக்கிறது. வரிசை ஓசைக்கும் அழகுக்கும் மட்டுமே. இதுதான் வாதம். இதன் வாலில் இன்னொன்றும் தொங்கும்: ஆங்கிலம் கட்டுப்பெட்டி மொழி, தமிழ் சுதந்திரமான மொழி, ஆகவே உயர்ந்த மொழி.

வாதத்தின் முதல் பாதி உண்மை. வேற்றுமை உருபுள்ள மொழிகளில் பெயர்கள் இடம் மாறும் வசதி கூடுதலாக இருப்பதை, மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். லத்தீன், சமஸ்கிருதம், ஜப்பானியம், ஃபின்னிஷ், தமிழ் எல்லாம் அந்த வரிசையில் வரும். இடம் மாறலாம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. இடம் மாறினால் ஒன்றும் ஆகாது என்பதில்தான் சண்டை.

1. பொருள் என்று எதைச் சொல்கிறார்கள்?

யார் யாரை என்ன செய்தார் என்பதை மட்டும். ஒரு வாக்கியம் சொல்லும் செய்தியில் அது ஒரு பகுதி. கேட்பவருக்கு ஏற்கெனவே எது தெரியும், எது புதிது, எந்தக் கேள்விக்கு இது பதில் என்பதெல்லாம் மீதிப் பகுதி. போடிமெட்டுப் பக்கமிருந்து இறங்கி வருகிற ஜீப்காரர் எதிரே ஏறுகிறவரை நிறுத்தி, "ரோட்டுல காட்டுமாடு நிக்குது" என்கிறார். இது எச்சரிக்கை. அதே சொற்களை மாற்றி, "காட்டுமாடு ரோட்டுல நிக்குது" என்றால்? அந்தக் காட்டுமாட்டைப் பற்றி இருவரும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்க வேண்டும். அது எங்கே போனது என்ற கேள்விக்கு இது பதில். எந்த உருபும் மாறவில்லை, விகுதி மாறவில்லை, ஒரு எழுத்துகூட மாறவில்லை. வரிசை மட்டும் மாறியது. அதனால் ஒரு மாடு 'ஏதோ ஒரு மாடு' என்ற நிலையிலிருந்து 'நாம் பேசிய அந்த மாடு' என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஆங்கிலம் இந்த வேலைக்குத் தனி முன்சொற்களை வைத்திருக்கிறது. தமிழ் இடத்தை வைத்திருக்கிறது.

கங்காணி வாக்கியத்துக்கும் இதேதான். 'முருகனை யார் திட்டினது?' என்று கேட்டவரிடம் 'முருகனைக் கங்காணி திட்டினார்' என்றால் பதில் பொருந்தும். பதிலுக்குரிய சொல் வினைக்கு முன்னால் வந்து உட்காருகிறது. 'கங்காணி யாரைத் திட்டினார்?' என்று கேட்டவரிடம் அதே வாக்கியத்தைச் சொன்னால் அவர் ஒரு கணம் விழிப்பார். குரலை அழுத்திச் சமாளிக்கலாம், உண்மைதான். அச்சில் குரல் ஏது?

வினைக்குப் பின்னால் இருக்கும் இடத்தைப் பாருங்கள். 'வந்துட்டான், ஜீப்புக்காரன்' என்று சொல்லலாம், ஏனென்றால் ஜீப்புக்காரனுக்காகத்தான் காத்திருந்தோம். ஆனால் பேச்சில் கேள்விச்சொல் அங்கே போகாது. 'வந்தான் யாரு?' என்று யாரும் கேட்பதில்லை, 'வந்தது யாரு?' என்று வினையின் வடிவத்தையே மாற்றித்தான் கேட்க முடிகிறது. எல்லா இடமும் ஒன்றென்றால் இந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் தடை? மலையாளத்தில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். அங்கே கேள்விச்சொல் வினைக்கு ஒட்டியே நிற்க வேண்டும் என்பதை வைத்து, ஹைதராபாத்தில் பணியாற்றிய மொழியியலாளர் கே.ஏ. ஜெயசீலன் 2001இல், வாக்கியத்துக்குள்ளேயே அழுத்தத்துக்கென்று ஒரு தனி இடம் இருப்பதாக வாதிட்டார். திராவிட மொழிகளிலிருந்து எழுந்து உலக மொழியியலில் புழங்கும் கருத்துகளில் அது ஒன்று.

ஃபின்னிஷ் மொழியில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஃபின்னிஷும் பெயர்களை இடம் மாற்றும் மொழி. எல்சி கைசரும் ஜான் ட்ரூஸ்வெல்லும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், செயப்படுபொருள் முதலில் வரும் வாக்கியத்தைச் சூழல் இல்லாமல் கொடுத்தால் படிப்பவர்கள் தடுமாறினார்கள். பொருத்தமான சூழல் கொடுத்தால் தடுமாற்றம் குறைந்தது. அதைவிடச் சுவையான செய்தி: செயப்படுபொருள் முதலில் வந்ததைக் கேட்ட உடனே, அடுத்து வரப்போவது இதுவரை பேசப்படாத ஒரு புதிய ஆள் என்று கேட்பவர்களின் கண்கள் படத்தில் அந்த ஆளைத் தேடிப் போய்விட்டன. பெயர் காதில் முழுதாக விழும் முன்பே. வரிசைக்குப் பொருள் இல்லையென்றால் அந்தக் கண்கள் எதைக் கேட்டு நகர்ந்தன?

2. உருபு எப்போதும் இருக்கிறதா?

இல்லை. இந்தப் பெருமையைப் பேசுகிறவர்கள் எடுக்கும் எடுத்துக்காட்டுகளைக் கவனியுங்கள். இராமன், இராவணன், கண்ணன், முருகன் என்று எப்போதும் மனிதர்கள், எப்போதும் 'ஐ' போட்ட மனிதர்கள். மலையில் வேலை பார்க்கிறவர் நாள் முழுவதும் பேசுவது மனிதரை மட்டும் பற்றியா? காய் பறிக்கிறார், சருகு வாருகிறார், கஞ்சி குடிக்கிறார். ஒன்றிலும் உருபு இல்லை. 'கரடி தேன் தின்னுச்சு' என்கிறோம். தேனை முன்னால் இழுத்து 'தேன் கரடி தின்னுச்சு' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும். 'தேனைக் கரடி தின்னுச்சு' என்று உருபு போட்ட பிறகுதான் வழிவிடும். அதாவது உருபில்லாத பொருள் வினையைவிட்டு நகர விரும்பாது. நகர வேண்டுமானால் 'ஐ' என்ற சுங்கம் கட்ட வேண்டும், கட்டியதும் அது 'ஏதோ தேன்' என்பதிலிருந்து 'அந்தத் தேன்' ஆகிவிடும். சுதந்திரம் என்று சொல்லப்படுவது இப்படித்தான் இருக்கிறது.

வினையே இல்லாத வாக்கியத்தில் நிலைமை இன்னும் தெளிவு. 'என் எதிரி உன் நண்பன்.' 'உன் நண்பன் என் எதிரி.' முதலாவது என் எதிரியைப் பற்றிய செய்தி, இரண்டாவது உன் நண்பன்மேல் வைக்கும் குற்றச்சாட்டு. இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஒருவரிடம் மாற்றிச் சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். தொகைச் சொற்களைச் சொல்லவே வேண்டாம்: ஏலத்தோட்டம் வேறு, தோட்டத்து ஏலம் வேறு. உருபு மறைந்து நிற்கும் இடத்துக்கு வேற்றுமைத்தொகை என்று பெயர் வைத்துப் பள்ளியில் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அந்த இடத்தில் எதை வைத்துப் பொருள் கொள்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டவர் ஒருவர் இருந்தார். 'புலி கொன்ற யானை' என்றால் செத்தது எது? புலியா, யானையா? உரைகாரர்கள் கையாண்ட புகழ்பெற்ற எடுத்துக்காட்டின் வகையைச் சேர்ந்தது இது. தொல்காப்பியர் இந்த வகைச் சொல்லுக்குத் தடுமாறு தொழிற்பெயர் என்று பெயர் கொடுத்து, தொடர்ந்து வருவதைக் கொண்டுதான் உணர்வோர் தெளிவார்கள் என்கிறார். உருபு எல்லாவற்றையும் காப்பாற்றும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை.

3. இரண்டு நாளாக யார் குற்றவாளி?

ஏலக்காய் ஸ்டோரில் ஒரு தகராறு நடப்பதாக வைத்துக்கொள்வோம். பறித்த காய் சூட்டறையில் ஏறக்குறைய ஒரு நாள் கணக்கில் காய்ந்து முடிய வேண்டும். பச்சை நிறம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் போடி ஏலத்தில் விலை விழும். முதலாளிக்கு ஒரு தகவல் போகிறது:

'ரெண்டு நாளா காயாத காயை ஸ்டோர்ல வச்சிருக்கான்.'

வேறொருவர் சொல்கிறார்:

'காயாத காயை ரெண்டு நாளா ஸ்டோர்ல வச்சிருக்கான்.'

முதல் வாக்கியத்தை இயல்பாகக் கேட்டால், இரண்டு நாளாகியும் காய் காயவில்லை. பழுது அடுப்பிலோ விறகிலோ இருக்கலாம். இரண்டாவதில், காய்ந்ததா என்று பார்க்காமலே இரண்டு நாள் போட்டு வைத்திருக்கிறான். பழுது ஆளின் கையில். சொற்கள் அவையே, உருபுகள் அவையே. 'ரெண்டு நாளா' என்ற ஒன்று எந்த வினைக்கு முன்னால் நிற்கிறதோ அதோடு சேர்ந்துகொள்கிறது. ஒருவருக்கு வேலை போகும் அளவுக்கு இது பொருள் மாற்றம்.

தமிழ் வாக்கியம் இடப்பக்கமாக வளர்வது. அடைகள், பெயரெச்சங்கள், வினையெச்சங்கள் எல்லாம் தாம் தழுவும் சொல்லுக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அங்கே நிற்பது யார்மேல் சாய்கிறது என்பதைக் காட்ட உருபும் கிடையாது, விகுதியும் கிடையாது. 'குடிபோதையில் டிரைவரைத் தாக்கிய பயணி' என்ற செய்தித்தாள் தலைப்பு மாதிரி நாள்தோறும் வருகிறது. போதை பயணிக்கா, டிரைவருக்கா? பூச்சிமருந்துக் கடையில் 'பத்து நாளைக்கு மருந்தடித்த செடியில் காய் பறிக்காதே' என்று எழுதி ஒட்டினால், பத்து நாளைக்கு என்பது அடிப்பதற்கா, பறிக்காமல் இருப்பதற்கா? 'மருந்தடித்த செடியில் பத்து நாளைக்குக் காய் பறிக்காதே' என்று எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வராது. வரிசை பொருட்டில்லை என்று கற்றவர் எழுதிய எச்சரிக்கைப் பலகையை நம்பி ஒருவர் காய் பறிக்கிறார்.

பெயர்த்தொடருக்குள் போனால் அசைக்கவே முடியாத சுவர்கள் இருக்கின்றன. 'அந்த மூணு மூட்டை' என்கிறோம். 'மூணு அந்த மூட்டை' என்று யார் சொல்வார்? 'அந்தப் பசங்க மூணு பேர்' என்றால் கூட்டத்தில் மூவர் மட்டும். 'அந்த மூணு பசங்க' என்றால் கூட்டமே மூவர்தான். மேடைப் பேச்சாளர்கள் இந்தப் பக்கமே வருவதில்லை.

4. தொல்காப்பியர் உங்கள் பக்கம் இல்லை

தமிழ் மரபில் சொல்வரிசைக்கு விதி கிடையாது, அதெல்லாம் மேலைநாட்டு இலக்கணத்தின் கவலை என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் தொல்காப்பியத்தின் கிளவியாக்கப் பகுதியைப் புரட்டட்டும். இயற்பெயரும் சுட்டுப்பெயரும் இரண்டுமே வினை கொண்டு வரும்போது, சுட்டுப்பெயரை இயற்பெயருக்கு முன்னால் சொல்ல மாட்டார்கள் என்று அங்கே வெளிப்படையாக விதி இருக்கிறது. சாத்தன் வந்தான், அவனுக்குச் சோறு கொடு என்று சொல்ல வேண்டும். 'அவன்' முதலில் வந்து சாத்தன் பின்னால் வந்தால் அவன் வேறு ஆள் ஆகிவிடுவான் என்பதே கருத்து. அடுத்த நூற்பாவில் அவர் போடும் விலக்கு இன்னும் முக்கியம்: செய்யுளில் முன்னால் சொல்லலாம். பேச்சு வழக்குக்கு ஒரு வரிசை உண்டு, செய்யுளுக்கு அதை மீற உரிமை உண்டு. மீற உரிமை கொடுக்கிறார் என்றாலே மீறுவதற்கு ஒன்று இருக்கிறது. சிறப்புப்பெயரையும் இயற்பெயரையும் சேர்த்துச் சொல்லும்போது எது முன்னால் வர வேண்டும் என்பதற்கும் அவரிடம் விதி உண்டு. 

பெயரும் சுட்டும் எப்போது ஒரே ஆளைக் குறிக்கும் என்ற கேள்வி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடரியலின் நடுநாயகமான கேள்விகளில் ஒன்றானது. 1976இல் தன்யா ரைன்ஹார்ட் அதற்குச் சொன்ன விடை, முன்பின் என்பதைவிட மேல்கீழ் அடுக்கு முக்கியம் என்பது. வாக்கியத்துக்குள் எது எதை ஆளுகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். தொல்காப்பியர் சொன்னதும் ரைன்ஹார்ட் சொன்னதும் ஒன்றல்ல. 'அன்றே சொன்னார் தமிழர்' என்று நான் கொடி பிடிக்கப் போவதில்லை. ஆனால் கவனித்த நிகழ்வு ஒன்றுதான். இருவருமே சொல்லின் இடம் பொருளைத் தீர்மானிக்கிறது என்று கண்டார்கள்.

தமிழில் இதன் வலுவான சான்று இந்த இரண்டு வாக்கியங்கள். பள்ளிவிட்டு மழை பிடித்துக்கொண்டது.

'ஒவ்வொரு பையனையும் அவனோட அப்பா வந்து கூட்டிட்டுப் போனார்.'

'அவனோட அப்பா வந்து ஒவ்வொரு பையனையும் கூட்டிட்டுப் போனார்.'

முதலாவதில் எத்தனை பையன்களோ அத்தனை அப்பாக்கள் வரலாம், அவரவர் அப்பா அவரவரைக் கூட்டிப்போவார். இரண்டாவதில் ஒரே ஓர் அப்பா, யாரோ ஒருவனின் அப்பா, எல்லாப் பையன்களையும் கூட்டிப்போகிறார். 'ஐ' இரண்டிலும் இருக்கிறது, 'ஆர்' இரண்டிலும் இருக்கிறது. யார் யாரைக் கூட்டிப்போனார் என்ற அடிப்படைச் செய்தியே மாறிவிட்டது. 'யார் யாரை என்ன செய்தார் என்பது தமிழில் மாறாது' என்று அவர்கள் கடைசியாக ஒதுங்கும் மூலையும் இதோடு போயிற்று.

5. ஒரு ஜீப்பா, பல ஜீப்பா?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விடியற்காலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் பெண்கள் ஜீப்பில் அடைந்துகொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறுவது இந்தப் பக்கம் அன்றாடம். 'ஒவ்வொரு பொண்ணும் ஒரு ஜீப்புல ஏறிச்சு' என்றால் பல ஜீப்புகள் இருந்திருக்கலாம். 'ஒரு ஜீப்புல ஒவ்வொரு பொண்ணும் ஏறிச்சு' என்றால் ஒரே ஜீப்தான். விபத்து வழக்கில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றினாரா என்று வாக்குமூலம் எழுதும் எழுத்தர், எப்படி எழுதினாலும் ஒன்றுதான் என்று நினைப்பவராக இருந்தால் டிரைவர் பாடு என்ன?

6. விகுதியால்தான் இந்தச் சுதந்திரம் என்றால், மலையாளம்?

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். இந்த மலைக்காரர்களுக்கு மலையாளம் அன்றாடக் காதொலி. மலையாள வினையில் நான், நீ, அவன் என்ற விகுதி வேறுபாடு கிடையாது. எல்லோருக்கும் 'வந்நு' ஒன்றே. விகுதிதான் வரிசைக்கு விடுதலை தருகிறது என்றால் மலையாளம் ஆங்கிலம்போல இறுகியிருக்க வேண்டும். இறுகவில்லை. அங்கேயும் பெயர்கள் தாராளமாக இடம் மாறுகின்றன. எனவே வாதத்தில் விகுதிக்குக் கொடுத்த பாதிப் பங்கை எடுத்துவிடலாம்.

'வரிசையற்ற மொழி' என்ற எண்ணத்துக்குத் தமிழுக்கு வெளியேயும் ஒரு வரலாறு உண்டு. 1983இல் கென்னத் ஹேல், நடு ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மொழியை முன்வைத்து, சில மொழிகளில் வாக்கியத்துக்குள் அடுக்கே கிடையாது என்ற கருத்தை வலுவாக எழுப்பினார். பெரிய அறிஞர், மிகக் கவனமான கள ஆய்வாளர். அவருடைய வார்ல்பிரியிலேயே துணைவினை மட்டும் இரண்டாம் இடத்தைவிட்டு நகராமல் நிற்கிறது என்பதையும் அவரே காட்டினார். ஜப்பானியத்துக்கும் இந்தப் பட்டம் கட்டப்பட்டது. 1985இல் மமோரு சைத்தோ எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேட்டில், ஜப்பானியத்துக்கு அடிப்படையான ஓர் அடுக்கு இருக்கிறது, இடமாற்றம் அதன்மேல் நடக்கும் செயல் என்று காட்டி அதைக் கழற்றினார். 1990இல் அனூப் மகாஜன் இந்தியில் இதேபோன்ற இடமாற்றங்களை ஆராய்ந்தார். தமிழுக்கு வைஜயந்தி சர்மா 1999இல் அதே எம்.ஐ.டி.யில் ஆய்வேடு அளித்தார். வேற்றுமை, விகுதி இயைபு, சொல்வரிசை மூன்றும் அதில் ஒன்றாக ஆராயப்பட்டன. பேசக் கற்கும் தமிழ்க் குழந்தைகளின் வாக்கியங்களும் அதில் உண்டு. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. தமிழ்நாட்டுத் தமிழ்த்துறைகளின் பேச்சில் அந்தப் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

7. கவிதையைக் காட்டித் தப்பிக்க முடியாது

சங்கப் பாட்டில் சொற்கள் எங்கெங்கோ கிடக்கின்றன, பொருள் புரியத்தானே செய்கிறது என்பது அடுத்த வாதம். புரியவைக்க எவ்வளவு பேர் உழைத்தார்கள் என்பதை மறந்துவிட்ட வாதம். பாட்டில் எந்தச் சொல்லை எதோடு கூட்டிப் பொருள் கொள்வது என்பதற்கு மரபு பொருள்கோள் என்று ஒரு தனிப் பகுதியே வைத்திருக்கிறது. தொல்காப்பியத்தில் நான்கு வகை. நன்னூலுக்கு வந்தபோது ஆற்றுநீர், மொழிமாற்று, விற்பூட்டு, தாப்பிசை என்று எட்டாகிவிட்டன. கொண்டுகூட்டு என்றே ஒரு வகை உண்டு: இங்கே கிடக்கும் சொல்லை அங்கே கொண்டுபோய்க் கூட்டு. எங்கே கிடந்தாலும் ஒன்றென்றால் எதற்குக் கொண்டுபோக வேண்டும்? உரையாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது, செய்யுள் கலைத்ததை வழக்கின் வரிசைக்குத் திருப்பி வைப்பது. அந்த வேலைக்கு இலக்கணம் எழுதிய சமூகத்தின் பெயரால் 'வரிசைக்குப் பொருளில்லை' என்று பேசுவது முன்னோர்களுக்குச் செய்யும் மரியாதையாகத் தெரியவில்லை.

பள்ளிப் பாடநூலே எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று ஒரு வரிசையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்தில் வரிசை தேவையில்லை என்று பெருமை பேசுவதையும் இங்கேயே குறித்து வைக்கிறேன்.

8. கணினி, சமஸ்கிருதம், பெருமைப் போட்டி

இந்தப் பெருமை நமக்கு மட்டும் சொந்தமில்லை. சமஸ்கிருத அபிமானிகளும் வார்த்தைக்கு வார்த்தை இதையே சொல்கிறார்கள். 1985இல் ரிக் பிரிக்ஸ் எழுதிய ஒரு கட்டுரையை வைத்து 'கணினிக்கு உகந்த ஒரே மொழி' என்று அவர்கள் கிளப்பிய செய்தி இன்னும் ஓயவில்லை. சமஸ்கிருதத்தின் சொல்வரிசையைப் பற்றி ஜே.எஃப். ஸ்டால் 1967இலேயே ஒரு நூல் எழுதிவிட்டார் என்பது அந்தப் பக்கமும் எட்டவில்லை. அவர்கள் சொன்னால் சிரிக்கிறோம், நாம் சொன்னால் கைதட்டுகிறோம்.

கணினிக்கு வரிசை வேண்டாம் என்பதற்கு இப்போது புதிய ஆதாரம் ஒன்றும் காட்டுவார்கள். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், சொற்களைக் கலைத்துப்போட்ட ஆங்கில வாக்கியங்களைக் கொண்டு பயிற்றுவித்த மொழி மாதிரி, வழக்கமான தேர்வுகள் பலவற்றில் பெரிதாகச் சறுக்கவில்லை. உடனே வரிசை தேவையில்லை என்றாகிவிடுமா? அடுத்த ஆண்டே இன்னொரு குழு, கலைத்த பிறகும் அந்த மாதிரிகளில் வரிசைத் தகவல் ஒளிந்து ஒட்டியிருந்ததையும், வரிசை உண்மையிலேயே தேவைப்படும் தேர்வுகளில் அவை பின்தங்கியதையும் காட்டியது. 2024இல் ஜூலி கல்லினியும் கூட்டாளிகளும், சொற்களைக் கலைத்துச் செயற்கையாக உண்டாக்கிய மொழிகளைக் கற்க ஜிபிடி-2 மாதிரி இயல்பான ஆங்கிலத்தைவிட அதிகம் திணறியதைப் பதிவு செய்தார்கள். முதல் செய்தி பரவிய அளவுக்கு அடுத்த இரண்டும் பரவவில்லை.

சரி, தவறான ஒரு பெருமையால் யாருக்கு என்ன நட்டம்?

பள்ளிக்கு நட்டம். தமிழ்ப் பாடத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்பதற்கு மதிப்பெண் குறைக்கிறார்கள். அடை தவறான வினைமேல் சாய்ந்து கிடக்கும் வாக்கியத்தை யாரும் சுழிப்பதில்லை. ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டப் பழகும் அதே குழந்தைக்குத் தமிழில் சொல் எழுத மட்டுமே பழக்குகிறோம். பிறகு அரசாணையும் வாடகை ஒப்பந்தமும் முதல் தகவல் அறிக்கையும் அந்தக் கைகளால்தான் எழுதப்படுகின்றன. அவற்றை மூன்று முறை படித்தும் யார் யாருக்குப் பணம் கட்ட வேண்டும் என்று புரியாதபோது, 'அரசுத் தமிழ் கடினம்' என்று மொழிமேல் பழி போடுகிறோம்.

ஆராய்ச்சிக்கும் நட்டம். தமிழ் வாக்கியங்களைச் சொல் சொல்லாகப் பிரித்து, எது எதைத் தழுவுகிறது என்று குறித்த, உலகம் பரவலாகப் பயன்படுத்தும் தொகுப்பு ஒன்றில் இருப்பது 600 செய்தித்தாள் வாக்கியங்கள். அது தயாரானது மதுரையிலோ சென்னையிலோ இல்லை. செக் நாட்டுத் தலைநகர் பிராகாவில், சார்லஸ் பல்கலைக்கழகத்தில். வரிசையில் ஒன்றுமில்லை என்று நம்புகிற ஊரில் வரிசையைக் குறித்து வைக்க யார் பணம் ஒதுக்குவார்?

எல்லாரையும்விட நட்டப்படுகிறவர்கள் இந்தச் சரிவிலேயே இருக்கிறார்கள். குரங்கணியைச் சுற்றிய குடிகளில் முதுவர்கள் வாழ்கிறார்கள், போடி மலையடிவாரத்தில் பளியர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேச்சைத் தமிழ் என்பதா, தமிழுக்கு அருகில் உள்ள தனி மொழி என்பதா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கிரியர்சனின் இந்திய மொழி அளவை சென்னை மாகாணத்தைக் கள வேலைக்குள் சேர்க்கவில்லை. பின்னால் மலையேறி வந்தவர்களில் பலர் தண்ணீருக்கு என்ன சொல்வீர்கள், தேனுக்கு என்ன சொல்வீர்கள், மாமனை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டுச் சொற்பட்டியல் எழுதிக்கொண்டு இறங்கினார்கள். வாக்கியத்தில் வேறுபாடு இருக்கும் என்று தோன்றினால்தானே வாக்கியத்தைக் கேட்பார்கள்? 'எல்லாம் நம்ம தமிழ்தான், முன்னபின்ன இருக்கும்' என்று சொல்லி முடித்துவிட்டால், அந்தப் பேச்சில் கேள்விச்சொல் எங்கே நிற்கிறது, பெயருக்கு முன்னால் சுட்டு வரலாமா, 'ஒவ்வொரு' என்பதற்கு அங்கே என்ன வழி, புதிதாக வந்த விலங்கை எந்த இடத்தில் வைத்துச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் கேட்கப்படாமலே போகும். முதுவாக்குடியில் நாள் முழுவதும் உட்கார்ந்து ஒரு முதியவரைத் தேனெடுத்த கதையைச் சொல்லச் சொல்லி, இடையில் நிறுத்தாமல் பதிவு செய்து, பிறகு அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு வாக்கியம் வாக்கியமாக மாற்றிச் சொல்லிக் காட்டி 'இப்படிச் சொல்வீர்களா, சொன்னால் யாரைச் சொன்னதாக ஆகும்?' என்று கேட்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு மாநாட்டுப் பந்தல் செலவில் சிறு பங்கு. பல்கலைக்கழகங்கள் அடுத்த ஆண்டுத் திட்டத்திலேயே இதைச் சேர்க்கலாம்.